ஊரே இடிந்தாலும் கொட்டாவி வருவது ஏன்?

கேள்வி இதுதான்: “சமீபத்தில் வரும் அறிவியல் புனைவு, ஆக்‌ஷன் படங்களை விடாமல் பார்க்கிறேன். திரையில் ஒரு நகரமே இடிந்து விழுகிறது, எனக்குக் கொட்டாவி வருகிறது. படங்கள் கெட்டுவிட்டனவா, எனக்கு வயதாகிவிட்டதா? இவற்றில் நிஜமாகவே தேறுபவை எவை?”

வயதை விடுங்கள். எனக்கும் ஐம்பது தாண்டியாகிவிட்டது. அப்படியிருந்தும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்த்தபோது கையில் இருந்த காபி ஆறி ஆடை கட்டியதே தெரியவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்தப் படத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் செலவழித்த ஒரு சூப்பர்ஹீரோ படத்துக்குப் போயிருந்தேன். கிளைமாக்ஸில் வானத்தில் ஓட்டை விழுந்து உலகமே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நானோ, கூட்டம் எழுவதற்குள் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்துவிட வேண்டுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆக, மரத்துப்போனது நாம் இல்லை.

இந்த வித்தியாசத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் கனம். திரையில் லாரி கவிழ்ந்தால் அது லாரியின் கனத்தோடு கவிழ வேண்டும். ஒருவன் மாடியிலிருந்து விழுந்தால் நமக்கு உள்ளங்கால் கூச வேண்டும். கிராஃபிக்ஸ் வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொல்பவர்கள் உண்டு, அது பாதி உண்மை. கம்ப்யூட்டரில் செய்த மிருகத்துக்கும் கனம் கொடுக்க முடியும். நிஜமாகவே வெடிக்க வைத்த கார் காகிதப் பொட்டலம் மாதிரி பறப்பதும் உண்டு. ஷூட்டிங்குக்குப் போகும்போதே இந்த ஷாட்டில் என்ன நடக்கப்போகிறது என்று இயக்குநருக்குத் தெரிந்திருந்ததா, இல்லை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பச்சைத் துணிக்கு முன்னால் நடிகரை நிறுத்திவிட்டுப் போனார்களா? படம் பார்க்கும்போது எனக்கு இது எப்படியோ தெரிந்துவிடுகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கொட்டாவி.

அந்த ஜப்பானியப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். காட்ஜில்லா மைனஸ் ஒன். 2023 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது; 1954இல் முதல் காட்ஜில்லா வெளியான அதே தேதி. 2024 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். செலவு ஒன்றரைக் கோடி டாலர் என்று பேச்சு கிளம்பியபோது, அவ்வளவு இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்குமே என்று சிரித்தாராம் இயக்குநர் தகாஷி யமசாகி. ஹாலிவுட்டில் அந்தப் பணம் ஒரு பெரிய நட்சத்திரத்தின் சம்பளத்துக்கே காணாது. மொத்தம் 610 கிராஃபிக்ஸ் ஷாட்கள், செய்தவர்கள் 35 பேர். யமசாகியே கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளரும்கூட. 2024இல் அந்தப் பிரிவில் ஆஸ்கர் வாங்கினார். அந்த விருதை வென்ற இயக்குநர் அவருக்கு முன் ஸ்டான்லி குப்ரிக் மட்டும்தான்.

கின்ஸா காட்சியைச் சொல்ல வேண்டும். போர் முடிந்து இரண்டு வருடம் ஆன டோக்கியோ, கடைத்தெருவில் கூட்டம், டிராம், விளம்பரப் பலகைகள். காட்ஜில்லா வருகிறது. ஓடும் மின்சார ரயிலை வாயில் கவ்வித் தூக்குகிறது. நோரிகோ என்ற பெண் அந்தப் பெட்டியின் கம்பியில் தொங்குகிறாள். கேமரா அவளோடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. காட்ஜில்லாவின் முழு உருவத்தைக் காட்ட அவசரப்படவில்லை. பிறகு அது நெருப்பைக் கக்கத் தயாராகிறது. வாலிலிருந்து முதுகுவரை செதில்கள் ஒவ்வொன்றாக நீல ஒளியோடு வெளியே தள்ளிக்கொண்டு எழுகின்றன, துப்பாக்கியில் ரவை போடுவதைப் போல. எண்ணிக்கொண்டே இருக்கலாம். ஒரு கதிர் பாய்கிறது. தூரத்தில் வெளிச்சம். அப்புறம் காற்று. வெடித்த அதிர்ச்சி முதலில் வெளியே தள்ளுகிறது, கட்டடம், மனிதர், வண்டி எல்லாம் போகின்றன. அடுத்த நொடி வெற்றிடத்தை நிரப்பக் காற்று திரும்பி உள்ளே இழுக்கிறது. அணுகுண்டு விழுந்த ஊரின் பௌதிகம் அது. கடைசியில் கறுப்பு மழை. ஜப்பானியருக்கு அந்த மழையின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் கனம் எங்கிருந்து வருகிறது? உருவம் பெரிது என்பதால் வருவதில்லை. எல்லாப் படத்திலும்தான் உருவம் பெரிது. ஒன்று, பெரிய உடம்பு மெதுவாகத்தான் அசையும் என்பதை மறக்காமல் இருப்பது. 1954 படத்தில் ரப்பர் உடைக்குள் ஒருவர் நடந்தார். அதை வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டித்தான் பூதத்தின் நடையைக் கொண்டுவந்தார் அதன் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயா. இன்றைக்கு கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கும் அதே விதிதான். இருநூறு அடி உயர ரோபோ ஒன்று குங்ஃபூ மாஸ்டர் மாதிரி சுழன்றால் அது நம் மனத்தில் பொம்மையாகிவிடும். இரண்டு, கேமரா மனிதன் நிற்கும் உயரத்தில் இருப்பது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். யார் எதை இழக்கிறார்கள் என்பது.

படத்தின் முதல் ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது பாருங்கள். கதாநாயகன் கோய்ச்சி, விமானத்தோடு மோதிச் சாக அனுப்பப்பட்டவன். எந்திரம் கோளாறு என்று பொய் சொல்லி ஒரு தீவில் இறங்கிவிடுகிறான். திரும்பி வந்தால் வீடு சாம்பல், அப்பா அம்மா இல்லை. தகரக் கொட்டகையில் நோரிகோவும், அவள் எடுத்து வளர்க்கும் யாரோ பெற்ற குழந்தையும் வந்து ஒண்டிக்கொள்கிறார்கள். கடலில் கண்ணிவெடி எடுக்கும் மரப்படகில் அவனுக்கு வேலை கிடைக்கிறது. காந்தத்துக்கு வெடிக்கும் கண்ணி என்பதால் மரப்படகு. சம்பளம் வருகிறது. கொட்டகை கொஞ்சம் கொஞ்சமாக வீடாகிறது. நோரிகோ தன் காலில் நிற்க வேண்டும் என்று வேலைக்குப் போகிறாள், கின்ஸாவில். பிறகுதான் கின்ஸா இடிகிறது. ஊர் இடிவதை நாம் பார்ப்பதில்லை, அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த தெரு இடிவதைப் பார்க்கிறோம். காபி ஆறாமல் என்ன செய்யும்?

குறையும் உண்டு. கடைசி இரண்டு நிமிடம் எனக்கு உடன்பாடில்லை. பார்க்காதவர்களுக்காக விவரம் சொல்லவில்லை. அவ்வளவு கணக்காகச் செலவு செய்த படம், முடிவில் மட்டும் கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

பணம் குறைந்தால் படம் நன்றாக வரும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அதே வருடம் தி கிரியேட்டர் வந்தது. கரெத் எட்வர்ட்ஸ் எட்டுக் கோடி டாலரில் எடுத்தார். அதன் பிரம்மாண்டத்துக்கு அது சல்லிசு. கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம்கூட இருக்கக்கூடிய சோனி எஃப்எக்ஸ்3 கேமராவைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, நேபாளம் என்று சுற்றி, நிஜமான வயல், நிஜமான மடாலயம், நிஜமான கிராமத்தைப் படம்பிடித்தார்கள். ரோபோவையும் கோபுரத்தையும் அப்புறம் அதன் மேல் வரைந்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமையும் சட்டம் போட்டு மாட்டலாம். நெல் வயலுக்குப் பின்னால் மேகத்துக்குள் மறையும் அந்த ராட்சதக் கட்டடங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. கதை நிற்கவில்லை. செயற்கை அறிவுக் குழந்தை ஒன்று கைகூப்பினால் இயந்திரங்கள் நிற்கும். எவ்வளவு தூரத்தில், எந்த இயந்திரம், எதற்கு மட்டும் முடியாது? தேவைக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கிறது. விதி தெரியாத விளையாட்டில் யார் ஜெயித்தாலும் நமக்கு என்ன? பார்க்க அழகு, தூக்கிப் பார்த்தால் தக்கை. இரண்டு படமும் ஒரே ஆஸ்கர் பிரிவில் போட்டியிட்டன. காட்ஜில்லா வென்றது சரிதான்.

அடுத்து, கார் ஓட்டுவதைத் தவிர வேறு கதையே இல்லாத படம். மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட் 2015இல் வந்தது, ‘சமீபம்’ என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆக்‌ஷன் படத்தையும் நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன், அதனால் விட முடியாது. வெளியானபோது இயக்குநர் ஜார்ஜ் மில்லருக்கு வயது 70. திரைக்கதையைவிட, காட்சிகளை முன்கூட்டியே வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டுதான் முதலில். சுமார் 3,500 ஓவியங்கள். நமீபியா பாலைவனத்தில் நிஜ வண்டிகளை ஓட்டி எடுத்தது கிட்டத்தட்ட 480 மணி நேரக் காட்சி. அதை இரண்டு மணி நேரமாக வெட்டியவர் மார்கரெட் சிக்செல், மில்லரின் மனைவி. அதற்கு முன் ஆக்‌ஷன் படமே வெட்டியிராதவர். எடிட்டிங் ஆஸ்கர் வாங்கினார்.

சுமார் 2,700 வெட்டுகள் கொண்ட படம் அது. அவ்வளவு வேகத்தில் வேறு படம் பார்த்தால் எனக்குத் தலை வலிக்கும். இதில் வலிக்கவில்லை. இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் காரணம் பிடிபட்டது: முக்கியமான விஷயம் எப்போதும் திரையின் நடுவிலேயே இருக்கிறது. முகமோ, துப்பாக்கியோ, சக்கரமோ, எதுவானாலும் நடு மையம். வெட்டு விழுந்ததும் ‘எங்கே பார்ப்பது’ என்று கண் தேட வேண்டியதில்லை. தேடும் நேரம் மிச்சமானதால், நடப்பதைப் புரிந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் மில்லர் திரும்பத் திரும்ப வற்புறுத்திய விஷயம் இதுதான். வேண்டுமானால் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு துரத்தல் காட்சியை ஓட்டிப் பாருங்கள். எந்த வண்டி எதற்கு முன்னால், யார் எந்தப் பக்கம் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. இதே சோதனையை உங்களுக்குக் கொட்டாவி வரவைத்த ஏதாவது ஒரு படத்தில் செய்து பாருங்கள்.

2024இல் அதன் முன்கதையாக ஃப்யூரியோசா வந்தது. வசூலில் அடி வாங்கியது. டேங்கர் லாரியை வானத்திலிருந்து தாக்கும் ஒரு பதினைந்து நிமிடக் காட்சிக்கு மட்டும் 78 நாள் ஷூட்டிங். அந்தக் காட்சி வீண்போகவில்லை. லாரிக்கு அடியில், ஓடும் சக்கரங்களுக்கு நடுவே நாயகி ஃப்யூரியோசா தவழ்ந்து போகும்போது நானும் வயிற்றை எக்கிக்கொண்டேன். ஆனால் மற்ற இடங்களில் கிராஃபிக்ஸ் பூச்சு தெரிகிறது. பின்னணி சில சமயம் வழவழவென்று இருக்கிறது, வண்டிகள் மணலைக் கீறாமல் மிதக்கின்றன. முந்தைய படத்தில் மணல் நம் பல்லில் நறநறத்தது. இதில் ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தின் வில்லன் மட்டும் ரசிக்கத் தகுந்த கோமாளி. பார்க்கலாம், ஆனால் ஃப்யூரி ரோட் பார்த்த கையோடு பார்க்காதீர்கள்.

மணல் என்றதும் டியூன், ஒரு பாலைவனக் கிரகத்தின் கதை. 2021இல் முதல் பாகம், 2024 மார்ச்சில் இரண்டாவது. டெனி வில்நவ் இரண்டையும் எடுத்தவர். முதல் பாகத்துக்கு ஆறு ஆஸ்கர், இரண்டாவதற்கு ஒலிக்கும் கிராஃபிக்ஸுக்குமாக இரண்டு. எனக்கு இரண்டாவது பாகத்தை முதல் தடவை பார்க்கும் அனுபவம் கெட்டுப்போனது, படம் காரணமில்லை. நான் போன தியேட்டரில் புரொஜெக்டர் வெளிச்சம் போதவில்லை. அராக்கிஸ் கிரகத்துப் பட்டப்பகல் ஆறரை மணி அந்தி மாதிரி இருந்தது. போதாததற்கு இடைவேளை. இந்தப் படங்களில் இடைவேளை என்று ஒன்று எழுதப்பட்டிருக்காது. நம் ஊரில் பாதி தூரம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். சரியாக ஒருவர் வாயைத் திறக்கும்போது விளக்கு எரிந்தது, பாப்கார்ன் விளம்பரம் வந்தது. மறுவாரம் வேறு தியேட்டருக்குப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டாவது டிக்கெட்டுக்கு வருத்தமில்லை.

அதில் முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த கவசம் போட்ட எதிரிகள், ஹார்கோனன் குலத்து வீரர்கள், ஒரு பாறைச் செங்குத்தில் மேலே எழும்புகிறார்கள், கயிறு இல்லை, இறக்கை இல்லை. கவசத்தில் உள்ள கருவியின் உதவியால் ஈர்ப்பை மீறி மிதக்கிறார்கள். குமிழி எழுவதுபோல மெதுவாக, சத்தமில்லாமல். அப்புறம் மேலேயிருந்து பிணங்கள் விழத் தொடங்குகின்றன. மிதப்பதையும் விழுவதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார் மனிதர். அந்த ‘தொப்’பைக் கேட்டவுடன் கவசத்தின் எடை இத்தனை கிலோ என்று தராசு வைக்காமலே நமக்குத் தெரிகிறது.

ஒலிக்கு அவர்கள் எடுத்த சிரமம் தனிக் கதை. முதல் பாகத்துக்காக ஒலி வடிவமைப்பாளர்கள் கலிஃபோர்னியாவின் டெத் வேலி மணல்மேட்டுக்குப் போய், மணலுக்குள்ளேயே மைக்கைப் புதைத்துப் பதிவு செய்தார்கள். அந்தக் கிரகத்து மணலில் ஸ்பைஸ் என்ற விலைமதிப்பற்ற பொருள் கலந்திருக்கிறது. நடந்தால் லேசான மொறுமொறுப்பு வேண்டும். அதற்கு ரைஸ் கிரிஸ்பீஸை மணலில் தூவி அதன்மேல் நடந்தார்கள். ரைஸ் கிரிஸ்பீஸ் என்றால் என்ன, நம் அரிசிப் பொரிதான். மெரினாவில் பொரிப் பொட்டலம் கொட்டின இடத்தில் கால் வைத்தவர்கள் எல்லாரும் அராக்கிஸின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

பின்னணிக்குப் பச்சைத் துணிக்குப் பதிலாக மணல் நிறத் திரையையே கட்டினார்கள். பச்சைத் துணியிலிருந்து பச்சை வெளிச்சம் நடிகர் முகத்தில் தெறிக்கும், அதை அப்புறம் துடைக்க வேண்டும்; மணல் நிறமென்றால் தெறிப்பதும் மணல் வெளிச்சம்தான். இரண்டாவது பாகத்தில் நாயகன் பால் ராட்சத மணல்புழுவின் மேல் ஏறுகிற காட்சிக்கு என்றே தனிக் குழு, 44 நாள் வேலை. அந்தக் காட்சியில் அவன் மணல்மேட்டின் உச்சியில் நிற்கிறான். புழு கீழே துளைத்துக்கொண்டு போகிறது, மேடு அவன் காலடியிலிருந்து சரிகிறது. அவன் ஏறுவதில்லை, விழுகிறான். விழுந்த இடத்தில் புழு இருக்கிறது. வழக்கமான படத்தில் கதாநாயகன் பாய்ந்து ஏறியிருப்பான், பின்னணியில் கோரஸ் பாடியிருக்கும். ஹார்கோனன்களின் ஊரில் வெயிலே கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே, அதை ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்தார். தோல் மெழுகு மாதிரித் தெரிவது அதனால்தான். கடைசிப் போர் மட்டும் எனக்கு அவசரமாகப் பட்டது. இரண்டே முக்கால் மணி நேரம் ஊதிப் பெரிதாக்கின பலூன், நாலு நிமிடத்தில் டப்பென்று முடிந்தது. சக்கரவர்த்தி பாத்திரத்தில் கிறிஸ்டோபர் வாக்கன் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

நிஜமாகவே செய்வதுதான் கனம் என்று நம்புகிற ஒருவர் உண்டு, டாம் குரூஸ். மிஷன் இம்பாசிபிள்: டெட் ரெக்கனிங் படத்துக்காக நார்வேயின் ஒரு மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து பாராசூட்டில் இறங்கினார். ஒரே நாளில் ஆறு தடவை. முதன்மைப் படப்பிடிப்பின் முதல் நாளே அதை வைத்துக்கொண்டார்கள். கதாநாயகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மீதிப் படத்துக்குச் செலவு செய்வதற்கு முன்பே தெரிந்துவிடுமாம். நல்ல வியாபார மூளை. ஆனால் படம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே அதை எப்படி எடுத்தோம் என்ற வீடியோவை வெளியிட்டுவிட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது, தியேட்டரில் கலங்கவில்லை. அவர் ஓட்டிய சரிவுப் பாதையை மறைக்க அதன்மேல் கிராஃபிக்ஸ் பாறையை ஒட்டியிருந்தார்கள், நிஜம் பொய் மாதிரித் தெரிந்தது.

அதே படத்தில் கனம் உள்ள காட்சி கடைசி ரயில். பாலம் உடைந்து, எஞ்சின் பள்ளத்தில் விழுகிறது; அதற்காக இங்கிலாந்தில் ஒரு கல்குவாரியில் நிஜமாகவே ஒரு எஞ்சினைச் செய்து தள்ளிவிட்டார்கள். பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தொங்க, குரூஸும் நாயகியும் செங்குத்தாக நிற்கும் பெட்டிக்குள் மேல்நோக்கி ஏறுகிறார்கள். சமையல் பெட்டி, அதைத் தாண்டினால் ஒரு பெரிய பியானோ உள்ள பெட்டி. தலைக்கு மேலே அந்தப் பியானோ தொங்குவதைக் கண்டதும் தியேட்டரில் யாரோ “ஐயையோ” என்றார்கள். கல்யாண மண்டபத்தில் கிரைண்டரைப் படியில் இறக்கிப் பார்த்த யாருக்கும் கனமான பொருள் தலைக்கு மேல் இருப்பது என்னவென்று தெரியும். உலகத்தையே அழிக்கப்போகிற செயற்கை அறிவு என்று மூன்று மணி நேரம் பேசினார்கள், பயம் வரவில்லை. ஒரு பியானோ போதுமானதாயிருந்தது.

ஜான் விக் நான்காம் பாகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 169 நிமிடப் படத்தில் கியானு ரீவ்ஸ் பேசுவது சுமார் 380 சொல். இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி மேட்ரிக்ஸில் கியானுவுக்கு டூப் போட்டவர்; அடிபடுவது எப்படி வலிக்கும் என்று உடம்பால் தெரிந்தவர். பாரிஸில் சாக்ரே-கேர் தேவாலயத்துக்கு ஏறும் 222 படிகளில் சண்டை போட்டுக்கொண்டே ஏறி, உச்சி நெருங்கும்போது ஒரே உதையில் அடிவரை உருண்டு வருகிறார். முதலில் தியேட்டர் சிரித்தது. உருண்டுகொண்டே இருந்தார். சிரிப்பு நின்றது. மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும், பொழுது விடிய நேரமில்லை. படிகளை எண்ணிவிட முடியும் என்பதால்தான் அந்தக் காட்சி வலிக்கிறது. ஆனால் இதே மனிதர்தான் மூன்றாம் பாகத்தின் முடிவில் ஹோட்டல் மொட்டைமாடியிலிருந்து தரையில் விழுந்தும் பிழைத்தவர். குண்டு துளைக்காத கோட்டு வேறு. படிக்கட்டில் சேர்த்த கனத்தை மற்ற இடத்தில் வாரி இறைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கலைக்கு ஆஸ்கரில் தனி விருது இல்லாமலே இருந்தது. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டை வடிவமைப்புக்கு விருது என்று 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். நம் தேசிய விருது இதில் முந்திக்கொண்டது. 2017இல் அறிவித்த விருதுகளில் முதல் தடவையாகச் சண்டைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, புலிமுருகன் மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். அதற்கும் வெகு முன்பே தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘சண்டைப் பயிற்சி’ என்று தனி கார்டு போட்டுக் கைதட்டு வாங்கியவர்கள் நாம்.

கனத்தையே கதையின் கருவியாக்கிய படம் ஒன்று உண்டு: 2024இல் வந்த ஏலியன்: ரோமுலஸ். அதில் வரும் வேற்றுக்கிரக ஜந்துவின் ரத்தம் அமிலம். சுட்டால் விண்வெளி நிலையத்தின் தரை ஓட்டையாகும். அதனால் நாயகி ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டுச் சுடுகிறாள். ரத்தம் கீழே கொட்டாமல் மஞ்சள் முறுக்குகளாகக் காற்றில் மிதக்கிறது. அதற்கு நடுவே உடம்பை வளைத்து நெளித்து அவர்கள் தப்பிக்க வேண்டும். ஈர்ப்பு எப்போது திரும்பும் என்று ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் ஃபெடே ஆல்வரேஸுக்கு அந்த ஒரு யோசனைக்காகவே கைகொடுக்கலாம். 2020இல் இறந்துபோன நடிகர் இயன் ஹோமின் முகத்தை கிராஃபிக்ஸில் கொண்டுவந்ததற்காகக் கொடுத்த கையைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவு நல்ல படத்தின் நடுவில் ஒரு ரப்பர் முகம்.

செத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் டைம் லூப் கதைகளுக்கு இந்தப் பிரச்சினை பிறவியிலேயே உண்டு. சாவுக்கு விலை இல்லையென்றால் கனம் ஏது? வெங்கட் பிரபுவின் மாநாடு, 2021இல் வந்தது, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சிம்பு செத்துச் செத்து விமானத்தில் கண் விழிக்கிறார். ஒரு கட்டத்தில் எஸ்.ஜே. சூர்யாவுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கத் தொடங்குகிறது. எதிராளியும் போன ஆட்டத்தை நினைவு வைத்திருக்கிறான் என்றதும் சீட்டாட்டம் மாறிவிடுகிறது. நாயகன் கற்றுக்கொண்டதெல்லாம் அவனும் கற்றுக்கொள்கிறான். அதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு நல்ல யோசனையும் சூர்யாவின் சலிப்பும் போதுமானதாயிருந்தன. டைம் லூப்பை நம் பாட்டிக்கும் புரியவைத்த படம் அது.

சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, கொட்டாவி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 2023 பிப்ரவரியில் வந்த ஆன்ட்-மேன் படம், குவாண்டுமேனியா, எனக்கு நல்ல உதாரணம். எறும்பளவு சுருங்குகிற ஒருவனின் வேடிக்கை என்ன? டீ கப் குளமாகத் தெரிவது, குழாய்த் தண்ணீர் அருவியாகத் தெரிவது. அந்தப் படத்தில் அவனை அளவே இல்லாத ஏதோ ஒரு வண்ணக் குழம்புக்குள் கொண்டுபோய் விட்டார்கள். பக்கத்தில் தெரிந்த பொருள் எதுவும் இல்லையென்றால் அவன் சிறியவனா பெரியவனா என்று எப்படித் தெரியும்? இதற்கு கிராஃபிக்ஸ் கலைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடைசி நேரம்வரை மாற்றிக்கொண்டே இருக்கும் வேலையில் அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த வருடம் செப்டம்பரில், அந்தப் படத்தை எடுத்த மார்வெல் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் வேண்டும் என்று ஒருமனதாக வாக்களித்தார்கள். யமசாகியின் 35 பேர் இயக்குநரிடம் நேரடியாகக் காட்டிச் சரியா தப்பா என்று உடனே கேட்டுக்கொண்டார்கள். ஓர் இளைஞர் தானாகச் செய்து காட்டிய கடல் அலை பிடித்துப்போய்த்தான் கடல் காட்சிகளையே கூட்டினார் அவர். மரப்படகைக் காட்ஜில்லா துரத்தும் காட்சியில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள், உப்பு கரிக்கும்.

சரி, எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இந்த வாரம் காட்ஜில்லா மைனஸ் ஒன், ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு. தமிழ் டப்பிங்குக்கு நான் எதிரியில்லை. அடிதடிப் படத்தில் வில்லனின் ஆள் மதுரைப் பேச்சில் திட்டுவது தனி சுகம். இதற்கு மட்டும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து ஃப்யூரி ரோட், முடிந்தால் பெரிய திரையில். டியூன் இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம், இடைவேளையை நீங்களே விட்டுக்கொள்ளுங்கள். வீட்டு டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்று ஒரு அமைப்பு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. முதலில் அதை அணைத்துவிடுங்கள். இருக்கிற ஃப்ரேம்களுக்கு நடுவே இல்லாத ஃப்ரேம்களைச் சேர்த்து எந்தப் படத்தையும் சீரியல் மாதிரி வழுக்க வைத்துவிடும். மில்லரின் லாரிகூட அதில் மிதக்கும். இவ்வளவு செய்தும் கின்ஸா காட்சியில் உங்களுக்குக் கொட்டாவி வந்தால் எழுதுங்கள், அப்போது வயதைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.